சனிக்கிழமை, ஆண்களுக்கு மட்டும்

காலை ஆறு மணிக்கே வெள்ளானூர் போய்விட்டேன். குளியல் பதினோரு மணிக்குத்தான். ஐந்து மணி நேரம் முன்னதாகப் போய் என்ன கிழிக்கப்போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். கேட்க ஆளில்லை. இடத்துக்காரி அங்கம்மா மட்டும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே ஒரு பார்வை பார்த்துவிட்டு, ராவெல்லாம் தூங்கவில்லையா என்றாள். தூங்கவில்லைதான். நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு முந்தின நாள் மாதிரி புரண்டு புரண்டு படுத்திருந்தேன்.

என் பெயர் உலகநாதன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டர். அப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் இருந்தவர், நான் குவார்ட்டர்சில் வளர்ந்தவன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களில் நம்பக்கூடியவர்களிடம், எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்களுக்கு இன்னமும் ஜாதகக் கோளாறுதான்.

பன்னிரண்டு வயது வரை சனிக்கிழமைதோறும் அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஒரு சனிக்கிழமை, பெரிய ஆம்பளை ஆகிவிட்டாய், இனிமேல் நீயே தேய்த்துக்கொள் என்று கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு என் முதுகு காய்ந்தே கிடக்கிறது. மேலே இருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழே இருந்து விட்டாலும் எட்டாது. கல்யாணமானவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது.

எனக்கு இந்தக் குளியல் கிறுக்கை ஏற்றிவிட்டவன் கௌதம். முகப்பேரில் ஃபிளாட், கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி அவனை மூன்று வருஷம் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. அங்கே ஆண்களை விரும்பும் ஆண்களுக்கென்றே குளியல் விடுதிகள் இருக்கின்றனவாம். இடுப்பில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு, அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டால் மேனேஜர் யார், மூட்டை தூக்குகிறவர் யார் என்று தெரியாது. நீராவி அறை, வெந்நீர்த் தொட்டி, ஓரமாக நம் டீக்கடை மாதிரி ஒரு கடை. அங்கே எல்லாமும்தான் நடக்கும், ஆனால் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள் என்றான். அந்தப் பாதிப் பேர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தார்கள்.

அதன் பிறகு அவனை விடவில்லை. நச்சரித்து நச்சரித்துக் கேட்டேன். அவனும் படித்துப் படித்து எனக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினான். பாய்லர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நியூயார்க்கில் ஒரு குளியல் வீட்டில் போலீஸ் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனதாம். எழுபதுகளில் அதே ஊரில் ஓர் ஓட்டலின் அடித்தளத்தில் குளியல் விடுதி நடத்தி, அதில் பியானோ வைத்துக் கச்சேரியும் நடத்தினார்களாம். துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம். வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கக்கூடச் சில விடுதிகளில் மேஜை போட்டிருந்தார்களாம். பிறகு எய்ட்ஸ் வந்தது. விடுதிகளை மூடு என்று நம் ஆட்களிலேயே பாதிப் பேர் கத்தினார்கள். மூடிவிட்டால் ஆணுறையைப் பற்றி அங்கே வருகிறவர்களை எங்கே உட்கார வைத்துச் சொல்வது என்று மீதிப் பேர் கத்தினார்கள். பல ஊர்களில் மூடியே விட்டார்கள்.

கனடாவில் ஓர் ஊரில் நடந்ததைத்தான் நான் நாலு தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரே நாளில் நாலு விடுதிகளில் போலீஸ் புகுந்து, கதவுகளைச் சம்மட்டியால் உடைத்து, முந்நூறு பேரைப் பிடித்தது. இடுப்புத் துண்டோடு நிற்க வைத்துக் கேவலப்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அடுத்த நாள் மூவாயிரம் பேர் தெருவில் இறங்கினார்களாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முந்நூறு பேருக்காக இல்லை, அந்த மூவாயிரம் பேருக்காக.

நமக்கு என்ன இருக்கிறது? பிளாட்பாரத்தின் கடைசிப் பெஞ்சு, பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்து, போனில் ஒரு ஆப். குற்றமில்லை என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. ஆனால் உட்கார ஓர் இடம் யாரும் தரவில்லை. எப்போது பார்த்தாலும் இருட்டு, எப்போது பார்த்தாலும் அவசரம். எனக்கு அலுத்துப்போய்விட்டது. பகலில், சூரியன் பார்க்க, நாலு பேரோடு உட்கார வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

வெறிக்கு இன்னொரு காரணம் தமிழரசு.

தமிழரசு முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். முப்பத்துநாலு வயது. திருமுல்லைவாயிலில் அக்கா தேவிப்பிரியாவின் வீட்டில் இருக்கிறான். போனில் பழக்கமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இதில் நாங்கள் நேரில் பார்த்தது மூன்றே தடவை, மூன்றும் ஸ்டேஷனில், இருட்டிய பிறகு. பக்கத்தில் உட்காரமாட்டான். நான் ஒரு பெஞ்சு, அவன் ஒரு பெஞ்சு. அங்கிருந்தே போனில் பேசுவான். அவன் குரலை நான் காற்றில் ஒரு தடவையும் போனில் ஒரு தடவையுமாக இரண்டு தடவை கேட்பேன். எனக்கு அதுவே போதும் என்று கொஞ்ச நாள் இருந்தேன். பிறகு போதவில்லை.

"எங்க போறன்னு அக்கா கேக்கும். எனக்குப் பொய் சொல்ல வராதுங்க, மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். நெசத்தச் சொல்லவும் தைரியம் இல்ல. பொய் சொல்லாம வர்ற மாதிரி ஒரு எடம் இருந்தா சொல்லுங்க, வரேன்," என்றான் ஒரு நாள். பிறகு அவனே, "அதுவும் நடக்கலன்னா உட்டுடலாங்க. உங்களையும் எத்தினி நாளு இப்டி உக்கார வெக்கறது?" என்றான்.

விட்டுவிடுவதா? எனக்குச் சுரீரென்றது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சனிக்கிழமை. வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று, எட்டாத முதுகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். இந்த நாட்டில் எந்த வீட்டில் எந்த அக்கா அதை வேண்டாம் என்று சொல்வாள்? அங்கேயே எண்ணெய்க் கையோடு போனை எடுத்து அவனைக் கூப்பிட்டேன். எண்ணெய்க் குளியலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல், அதில் ஓரெழுத்து பொய் கிடையாது என்றேன். தமிழரசு சிரித்தான். இரண்டு வருஷத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அதன் பிறகு நான் தரையில் நடக்கவில்லை. அங்கம்மா தன் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டாள். கிணறும் பம்புசெட்டு ஷெட்டும் பெரிய தண்ணீர்த் தொட்டியும் மட்டும் மிச்சம். அதைச் சனிக்கிழமைகளுக்கு வாடகைக்குப் பிடித்தேன். ஆம்பளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதே நின்றுபோன காலத்தில் இது புண்ணிய காரியம் என்றாள் அங்கம்மா. ஷெட்டுக்குள் ஒரு மூலையைத் தடுத்து, ஓடு ஒட்டி, மரப்பலகை போட்டு நீராவி அறை ஆக்கினேன். எங்கள் கம்பெனி இஸ்திரிப் பிரிவில் கழித்துப்போட்ட ஒரு சின்ன நீராவி மெஷினைக் கேட்டு வாங்கி, பிரித்துத் துடைத்து, வால்வு மாற்றி மாட்டினேன். இன்ஸ்பெக்டர் வந்து முத்திரை போட வேண்டிய அளவு இல்லை, அதைவிடச் சின்னது. இருந்தாலும் சேஃப்டி வால்வை மூன்று தடவை சோதித்தேன். நான் ஒழுங்கில்லாதவனாக இருக்கலாம், என் பாய்லர் ஒழுங்கில்லாமல் இருக்காது.

வெளியே ஒரு போர்டும் வைத்தேன். 'எண்ணெய்க் குளியல், நீராவிக் குளியல். சனிக்கிழமை. ஆண்களுக்கு மட்டும்.' அந்தக் கடைசி வரியைப் பெயின்டர் எழுதும்போது பக்கத்திலேயே நின்று பல்லை இளித்துக்கொண்டிருந்தேன்.

எங்களை மாதிரி ஆட்கள் சேர்ந்த குழுவில் என்னோடு எட்டுப் பேர். தமிழரசு வந்தால் ஒன்பது. விதிமுறைகளைப் போட்டது பூந்தமல்லியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஜானகிராமன். அறுபது வயது, ஒல்லிக் குச்சி, யாரையும் அதட்டுவார். போன்கள் எல்லாம் வாசலில் அரிசி டப்பாவுக்குள் போக வேண்டும். யாரும் யாருடைய வேலையையும் ஜாதியையும் கேட்கக் கூடாது. ஒருத்தர் முதுகை இன்னொருத்தர் தேய்த்துவிட வேண்டும். எண்ணெய் தேய்த்த அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் கூடாது, தயிர் கூடாது, பகல் தூக்கம் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கு அந்தச் சமாச்சாரமும் கூடாது, உடம்புக்கு ஆகாது என்றார். பிறகு கௌதம் சிரித்த சிரிப்பில் உட்கார்ந்திருந்த நாற்காலி சாய்ந்துவிட்டது. உலகத்திலேயே அந்தச் சமாச்சாரத்துக்குத் தடை போட்ட ஒரே விடுதி நம்முடையதுதான் என்றான். ஜானகிராமன் சிரிக்கவில்லை. வைத்தியம் வைத்தியம்தான் என்றார்.

பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவுடன் எல்லோருக்கும் வெட்கம். சட்டைப் பொத்தானைக் கழற்ற ஒருவன் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டான். அம்பத்தூரில் ஜிம் வைத்திருக்கும் வினோத், தினமும் கண்ணாடி முன்னால் பனியனைக் கழற்றுகிறவன், இங்கே மூலையில் திரும்பி நின்று துண்டு கட்டினான். ஜானகிராமன் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினார். வாசனை ஷெட்டெல்லாம் பரவியது. உச்சந்தலையில் சூடான எண்ணெய் விழுந்ததும் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒருவன் முதுகை ஒருவன் தேய்க்க, அவன் முதுகை அடுத்தவன் தேய்க்க, ரயில் பெட்டி மாதிரி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். சிரிப்பும் கூச்சலும் தாங்கவில்லை. பக்கத்து மனையில் கட்டிடம் கட்டுகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஆம்பளைகள் கும்மாளம் என்று அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பட்டப்பகல், வெயில் அடிக்கிறது, எட்டு ஆண்கள் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், ஒருவருக்கும் அவசரமில்லை.

வினோத் கிண்ணத்தோடு என் முதுகுக்கு வந்தான். இருடா, அப்புறம் என்றேன். யாருக்காக முதுகைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாய் என்று கேட்டு எல்லோரும் ஓட்டினார்கள். ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன். மணி பதினொன்று ஆனது. பதினொன்று பத்து ஆனது. நீராவி மெஷினுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவன் வரமாட்டான் என்று உள்ளே ஒரு குரல் சொல்ல ஆரம்பித்தது. அந்தக் குரலை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

பதினொன்று இருபதுக்கு மண்பாதையில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். ஓடினேன். தமிழரசுதான். வெயிலில் அவனை முதல் தடவையாகப் பார்க்கிறேன். மூக்கில் ஒரு மச்சம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். தூக்கிய கை அப்படியே நின்றது. பின் சீட்டில் ஒரு ஆள்.

ஒட்ட வெட்டிய தலை, முறுக்கிய மீசை, வேட்டி கட்டிக்கொண்டு காலில் மட்டும் பிரவுன் ஷூ. தோளில் துண்டு. கையில் எண்ணெய்ப் புட்டி. என் பின்னால் வந்து நின்ற கௌதம் ஒரே வார்த்தை சொன்னான். போலீஸ். அதே நேரம் பார்த்து என் சேஃப்டி வால்வு புஸ்ஸென்று நீராவியைக் கக்கியது. ஷெட்டுக்குள் அந்த ரயில் மூன்று விநாடியில் பெட்டி பெட்டியாகக் கழன்றுவிட்டது.

தமிழரசின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா வீட்டுக்காரர் ராஜசேகரன், ஏட்டாக இருக்கிறார் என்று அறிமுகப்படுத்தினான். எண்ணெய்க் குளியல் என்று உண்மையைச் சொன்னதும் அக்கா அதே வாயால், அப்படியானால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போ, பந்தோபஸ்தில் நின்று நின்று அவருக்கு முதுகு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். பொய் சொல்ல அவனுக்கு வராது. இது முழுக்க என் முட்டாள்தனம். எண்ணெய்க் குளியல் என்றால் மாமாவை வீட்டில் விட்டுவிட்டு மச்சான் மட்டும் போவானா? பாய்லரில் எப்போது பிரஷர் ஏறும் என்று முன்கூட்டியே தெரிந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

திரும்பிப் போகச் சொல்ல நாக்கு வரவில்லை. சொன்னால் தமிழரசும் அந்த ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடுவான், பிறகு வரவேமாட்டான். வாங்க சார் என்றேன். ஏட்டு தன் போனைத் தானாகவே அரிசி டப்பாவில் போட்டார்.

உள்ளே எல்லோரும் வேறு ஆட்களாக மாறியிருந்தார்கள். வினோத் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் பேசினான். கௌதம் இல்லாத மனைவியைத் திட்டினான். எட்டுப் பேரும் எட்டு மூலையில், ஒருவருக்கொருவர் கை நீட்டினாலும் படாத தூரத்தில் நின்று, அவரவர் கையையும் காலையும் அவரவரே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முதுகையும் யாரும் தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டிலிருந்து இத்தனை பாடுபட்டு வெளியே இழுத்து வந்தேன். ஒரு மீசையைப் பார்த்ததும் எல்லோரும், நான் உட்பட, அவரவர் இருட்டைத் திரும்ப இழுத்துப் போர்த்திக்கொண்டோம்.

தமிழரசு துண்டு கட்டிக்கொண்டு தொட்டி ஓரமாக, என்னிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தான். ஸ்டேஷன் பெஞ்சுகள் மாதிரியே.

ஏட்டின் முதுகை நான்தான் தேய்த்தேன். கோபமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. இறுகிக் கல்லாகக் கிடந்த சதையை அழுத்தி அழுத்தி இளக்கினேன். ஏட்டு முனகினார். பிறகு பேச ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷமாக நின்றுகொண்டே இருக்கிறாராம். திருவிழாவுக்கு நின்றிருக்கிறார், மீட்டிங்குக்கு நின்றிருக்கிறார், மழையில் நின்றிருக்கிறார். உட்கார் என்று ஒருவனும் சொன்னதில்லையாம். அதைக் கேட்டதும் என் கை தானாகக் கொஞ்சம் மெதுவானது. நல்ல மனுஷனோ கெட்ட மனுஷனோ, வலிக்கிற முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

தேய்த்து முடித்ததும் ஏட்டு எழுந்து, கையை உதறி, ஷெட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். போலீஸ் பார்வை.

"இன்னாப்பா இது, ஆளாளுக்கு ஒரு மூலையில நின்னுகினு தனித்தனியா தேச்சிகினு கீறீங்க? முதுகு எப்டி எட்டும்?" என்றார். "எங்க பேரக்ஸ்ல வந்து பாரு, ஒருத்தன் மேல ஒருத்தன் உக்காந்துகினு தேய்ப்பானுங்க. நீங்க இன்னா, தொட்டா ஒட்டிக்குமா?"

கௌதம் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறானா அழுகையை அடக்குகிறானா என்று தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. மடியில் ஒன்றும் இல்லாத ஆண்கள் கூசாமல் தொட்டுக்கொள்கிறார்கள். நாங்கள்தான் பயத்தில் விலகி விலகி நின்று, எங்களை நாங்களே காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"உனுக்கு யாரு நைனா முதுகு தேய்க்கிறது?" என்று ஏட்டு என்னைக் கேட்டார்.

யாரும் இல்லை சார், எட்டின வரைக்கும் நானே தேய்த்துக்கொள்வேன் என்றேன்.

"இந்த வயசுலயா?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு திரும்பி, "மச்சான், சும்மாதானே குந்திகினு கீற? வா, இவுருக்குத் தேச்சி உடு," என்றார்.

தமிழரசு எழுந்து வந்தான். கிண்ணத்தை எடுத்தான். எண்ணெய் உள்ளங்கையில் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டேன். போதும், இப்படியாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். மாமா சொன்னார், மச்சான் தேய்த்தான், கதை முடிந்தது. யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது.

ஆனால் கை வந்து படவில்லை. கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். எண்ணெய்க் கையோடு அவன் அப்படியே நின்றிருந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"மாமா," என்றான். "நீங்க சொன்னீங்கன்னு தேய்க்கல. நான் இன்னிக்கி வந்ததே இவருக்காகத்தான். ரெண்டு வருஷமா பழக்கம். எனக்கு இவரத்தான் புடிக்கும். இத மறைச்சிட்டு இவரு முதுகத் தொட்டா அது பொய்யாயிடும் மாமா."

கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான். விடை வந்தால் போதாது, வழியையும் எழுதிக் காட்ட வேண்டும் அவனுக்கு. எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஏட்டு அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூலைமூலையாக நின்ற ஏழு துண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது மீசை அசைந்த அசைவில் தெரிந்தது. திரும்பி நீராவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வினோத் சட்டையைத் தேடினான். யாரோ அரிசி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜானகிராமன் மட்டும் அசையவில்லை. துண்டோடு நிறுத்தினால் துண்டோடு நிற்போம், எண்ணெயைக் கழுவாமல் யாரும் வெயிலில் போகாதீர்கள், ஜுரம் வரும் என்றார். போகலாமா என்று தமிழரசைக் கேட்டேன்.

"நான் எங்கியும் போவல," என்றான். அப்புறம்தான் அவன் விரல் என் முதுகில் பட்டது. நுனி விரல் மட்டும்.

பத்து நிமிஷம். மெஷினின் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஓர் இருமல் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. வெளியே இருப்பவர்களுக்குப் பத்து நிமிஷம், உள்ளே இருந்த அவருக்கு எத்தனை வருஷமோ தெரியாது.

கதவு திறந்தது. நீராவியோடு ஏட்டு வெளியே வந்தார். உடம்பெல்லாம் சிவந்து, மீசையிலிருந்து வியர்வை சொட்டியது. எங்கள் பக்கம் வரவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெந்நீரை விளாவி நாலு சொம்பு ஊற்றிக்கொண்டார். ஊற்றிக்கொண்டே, சுவரைப் பார்த்து, உன் அக்காவிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன் என்றார். சரி மாமா என்றான் தமிழரசு. மறுபடியும் சொம்புச் சத்தம்.

பிறகு ஏட்டு தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பினார். என் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்த அந்த நுனி விரலைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"இன்னாடா மச்சான், பூனை மாதிரி தடவிகினு கீற?" என்றார். "உங்கக்காவும் இப்டித்தான், பேருக்குத் தடவிட்டுப் போயிடுவா. நல்லா அழுத்தித் தேயி. அந்த மனுஷனுக்கு எத்தினி வருஷமா காஞ்சி கெடக்குதோ."

அரிசி டப்பா மூடி திரும்ப மூடப்பட்டது. வினோத் கையில் எடுத்த சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு கௌதம் முதுகுப் பக்கமாக வந்து உட்கார்ந்தான். ஜானகிராமன் ஏட்டுக்குச் சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, இன்றைக்குத் தயிர் கூடாது, பகல் தூக்கம் கூடாது என்று ஆரம்பித்து, மூன்றாவதையும் கூசாமல் சொல்லி முடித்தார். ஏட்டு காப்பியைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

தமிழரசு முழுக் கையையும் வைத்தான். அழுத்தினான். நடு முதுகில், மேலேயும் எட்டாத, கீழேயும் எட்டாத அந்த இடத்தில் அவன் உள்ளங்கை அளவெடுத்தது மாதிரி உட்கார்ந்தது. முப்பத்துநாலு வருஷத்துக்கு அப்புறம் அங்கே எண்ணெய் இறங்கியது. கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒருத்தனும் நம்பவில்லை.